அம்பாசிடர் பின்பக்கம்: மணலில் பிடிப்பும் வேண்டும், பொட்டலில் வாலும் வீச வேண்டும். என்ன செய்யலாம்?

தேரிக்காட்டான்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

பெரியப்பா வைத்திருந்த அம்பாசிடர் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1800 ஐசுஸு பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர். என்ஜின் நன்றாக இருக்கிறது. என் கேள்வி முழுக்கப் பின்பக்கத்தைப் பற்றித்தான்.

திசையன்விளைக்குத் தெற்கே எங்களுக்கு முருங்கைத் தோட்டம். தார் ரோட்டிலிருந்து தோட்டம் வரை தேரி மணல் (காற்றில் நகரும் செம்மணல்) பாதை. மழை பெய்து மண் இறுகிக் கிடந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனி, ஆடிக் காற்றில் மணல் பொலபொலவென்று ஏறிக் கிடக்கும்போது வண்டி பாதி வழியில் நின்றுவிடும். அப்போது ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக் குழி தோண்டும். எப்போது இறங்கிப் பார்த்தாலும் அது வலது பின்சக்கரம்தான்.

இரண்டாவது தொந்தரவு, திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில். ஏற்றத்தில் நெரிசலில் நிறுத்தி, கொஞ்சம் வேகமாக கிளட்ச்சை விட்டால் பின்பக்கம் தடதடவென்று துள்ளுகிறது. டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் குதிக்கின்றன. பின்னால் வருகிற ஆட்டோக்காரர் வண்டியை ஒதுக்கிக்கொள்கிறார்.

மூன்றாவது, ஆசை. தோட்டத்துக்கு மேற்கே எங்கள் சொந்தப் பொட்டல் ஒன்று இருக்கிறது. முன்பு விடிலி (பதநீர் காய்ச்சும் குடிசை) போட்டிருந்த இடம். செம்மண் இறுகிப்போய்த் தரை மாதிரி கிடக்கும். ஓரத்தில் உடைமரங்கள், நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே வண்டியை வால் வீசி, அதாவது பின்பக்கத்தை வெளியே வழுக்கவிட்டு (டிரிஃப்ட்), வட்டம் போட வேண்டும். போட்டும் பார்த்தேன். இடது பக்கம் திருப்பி மிதித்தால் ஓரளவு வழுக்கிக்கொண்டு வருகிறது. வலது பக்கம் திருப்பினால் என்ஜின் உறுமுவதோடு சரி, வண்டி அசடு மாதிரி மெதுவாக வட்டமடிக்கிறது.

பக்கத்து மெக்கானிக், பின் ஸ்பிரிங்கில் அடுக்காக இருக்கும் இரும்புப் பட்டையில் இரண்டைக் கழற்றிவிடு, மணலில் ஏறும் என்கிறார். சித்தப்பா மகன் பின்னால் ஆன்டி ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடு, கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) வை, டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மாற்று, அப்புறம் பார் என்கிறான். மணலுக்குச் செய்தால் வால் வீசாது, வால் வீசுவதற்குச் செய்தால் மணலில் மாட்டும் என்பதுதான் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் புரியவைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி உண்டா?

பாளை பைபாஸ்

சொந்தப் பொட்டலிலேயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நான்குவழிச்சாலையில் ராத்திரி ஆள் இல்லை என்று ஆரம்பித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு, ஆபத்தான ஓட்டுதல். இரண்டு வண்டி சேர்ந்து பந்தயம் விட்டால் 189. அதை விடுங்கள், நாங்குநேரி பக்கம் ராத்திரி எந்த இடத்தில் மாடு படுத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முறையாகப் பழக வேண்டுமென்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சஸ்பென்ஷன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

உவரிக் காற்று

பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் வண்டி பின்னால் உட்காரும், எடை எல்லாம் பின்சக்கரத்துக்குப் போகும், பிடிப்பு கூடும். விறைப்பாக்கினால் எடை போகாது, வழுக்கும். இவ்வளவுதான் விஷயம். மணலுக்கு இரண்டு பட்டை குறை, டிரிஃப்ட்டுக்கு இரண்டு பட்டை கூட்டு.

பட்டறை அண்ணாச்சி

தம்பி தேரிக்காட்டான், நீ சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. கவனித்து எழுதியிருக்கிறாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் லாரிக்குப் பட்டை கட்டியே வயசைக் கழித்தவன். அம்பாசிடர் பட்டையும் என் கையில் நிறையப் புரண்டிருக்கிறது.

முதலில் கேம்பரையும் டோவையும் மறந்துவிடு. உன் வண்டியில் பின்னால் இருப்பது முழு அச்சு. இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரைக்கும் ஒரே ஹவுசிங், அதாவது இரும்புக் கூடு. அதில் கேம்பர் மாற்ற போல்ட்டும் கிடையாது, டோ மாற்ற ராடும் கிடையாது. பின்சக்கரம் சாய்ந்து நிற்கிறது என்றால் ஹவுசிங் வளைந்திருக்கிறது, இல்லையென்றால் பேரிங் போயிருக்கிறது. சித்தப்பா மகன் வீடியோவில் பார்ப்பதெல்லாம் பின்சக்கரம் தனித்தனியாக ஆடும் வண்டிகள்.

இப்போது அந்த வலது சக்கரம். என்ஜின் பக்கமிருந்து பின்னால் வரும் ஜாயின்ட் ஷாஃப்ட் சுற்றி அச்சுக்குச் சக்தி கொடுக்கும்போது, அச்சு முழுவதையும் தன்னோடு சேர்த்து முறுக்கப் பார்க்கும். உன் என்ஜின் சுற்றுகிற திசைக்கு அந்த முறுக்கு இடது பின்சக்கரத்தைத் தரையில் அழுத்தும், வலதைத் தூக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தூக்காது, ஆனால் எடை குறையும். அச்சின் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் என்ன செய்யும்? எந்தச் சக்கரம் லேசாக இருக்கிறதோ அதைச் சுற்றவிடும், மற்றது சும்மா இருக்கும். மணலில் வலது சக்கரம் குழி தோண்டுவதற்கு அதுதான் காரணம். நீ வலது சீட்டில் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை, இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் தோண்டும்.

பொட்டலிலும் அதே கதைதான். இடது பக்கம் திரும்பும்போது வண்டி வலது பக்கம் சாய்கிறது, எடை வலது சக்கரத்துக்குப் போகிறது. ஷாஃப்ட் முறுக்கு இடது சக்கரத்தை அழுத்துகிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டி, இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளுகின்றன. இரண்டும் சேர்ந்து தள்ளினால்தான் பின்பக்கம் வெளியே வரும். வலது பக்கம் திரும்பும்போது சாய்வும் வலது சக்கரத்தைத் தூக்குகிறது, முறுக்கும் அதையே தூக்குகிறது. அந்த ஒரு சக்கரம் சும்மா சுற்றுகிறது, என்ஜின் கத்துகிறது, வண்டி வழுக்குவதில்லை.

இதிலிருந்து ஒன்று பிடித்துக்கொள். வால் வீசுவதற்கும் பின்சக்கரத்தில் பிடிப்பு வேண்டும். பிடிப்பில்லாத வண்டி வழுக்காது, ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும். மணலில் ஏறாமல் நிற்கிற அதே குறைதான் பொட்டலில் உன்னை வால் வீசவிடாமல் தடுக்கிறது. ஆகவே செட்டப் ஒன்றுதான். மணலுக்கும் பொட்டலுக்கும் வித்தியாசம் டயரில் காற்று எவ்வளவு என்பதில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

துள்ளல் வேறு சங்கதி. கிளட்ச்சை விட்டதும் அச்சு முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு (ஷாஃப்ட் அச்சில் சேரும் முனை) மேலே ஏறும். பட்டை ஆங்கில எஸ் எழுத்து மாதிரி நெளியும். டயர் பிடி விட்டதும் பட்டை நிமிர்ந்து உதறும், டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி நெளியும். இது வேகமாக நடந்தால் உன் ஸ்பேனர் குதிக்கும். பட்டை இரண்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று நீயே யோசி. நெளிவு இன்னும் கூடும். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, மேடு பள்ளத்தில் மென்மையாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் ஈரடுக்குப் பாலத்தில் அவரா வந்து ஓட்டப் போகிறார்?

வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்து. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே. பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் நட்டுகளில் ஸ்பேனர் வைத்துப் பார், பழைய வண்டியில் பாதி தளர்ந்திருக்கும். யூ போல்ட்டுக்கு அடியில் சென்டர் போல்ட்டின் தலை அச்சின் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார். முன் கண்ணிலும் (பட்டையின் முன்முனை வளையம்) ஷேக்கிளிலும் (பின்முனையைத் தாங்கி ஆடும் இணைப்பு) உள்ள ரப்பர் புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பார், இரும்பு இரும்பில் உரசிய தடம் இருந்தால் புஷ் முடிந்தது. ஷாக் அப்சார்பரை ஒருபக்கம் கழற்றிக் கையால் இழுத்துப் பார், எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அதையும் மாற்று. அப்புறம் பட்டைக் கட்டின் முன்பாதியில், அச்சுக்கும் முன் கண்ணுக்கும் நடுவில், இன்னும் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கு. பின்பாதியை விட்டுவிடு, அது தாராளமாக வேலை செய்யட்டும். முன்பாதி விறைத்தால் அச்சு முறுக்க இடம் இருக்காது, பின்பாதி நெகிழ்ந்தால் மேடு பள்ளம் தெரியாது. பட்டை ஒன்றும் கழற்றவில்லை, கூட்டவில்லை.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் உயரத்துக்காகக் கட்டை ஏதும் வைத்திருக்கிறதா? வண்டியை உயர்த்த யாராவது பட்டை கூட்டியிருக்கிறார்களா? இதை எழுது.

கணக்கு வாத்தியார்

அண்ணாச்சி சொன்னதோடு எனக்கு உடன்பாடு. உவரிக் காற்று சொன்னதை மட்டும் திருத்த வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

மிதிக்கும்போது பின்னால் எவ்வளவு எடை போகும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. வண்டியின் எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, இந்த நான்குதான். அம்பாசிடரில் அச்சு இடைவெளி 2.46 மீட்டர். வண்டி 1200 கிலோ, ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு முடுக்கத்தோடு கிளம்பினால் 1200 × 0.3 × 0.6 ÷ 2.46, கிட்டத்தட்ட 88 கிலோ முன்னாலிருந்து பின்னால் மாறும். பட்டை மென்மையாக இருந்தாலும் அதே 88, விறைப்பாக இருந்தாலும் அதே 88. மென்மையான பட்டையில் வண்டி அதிகம் உட்காருவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதிக எடை போனதாகத் தோன்றுகிறது.

பின் ஏன் ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள்? மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாமல் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, திருப்பத்தில் பக்கவாட்டில் மாறும் எடையை முன் அச்சும் பின் அச்சும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது. டயருக்கு ஒரு குணம் உண்டு: 300 கிலோ சுமக்கும் டயரின் மேல் 600 ஏற்றினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். பின்னால் ஆன்டி ரோல் பார் போட்டு விறைப்பாக்கினால், பக்கவாட்டில் மாறும் எடையில் பெரும் பங்கு பின் அச்சில் விழும். வெளிப்பக்க டயர் அதிகமாகச் சுமக்கும், உள்பக்கம் லேசாகும், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பின் அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். அதனால் வால் சீக்கிரம் வெளியே வரும். சித்தப்பா மகன் சொல்வது இந்தக் கோட்பாட்டில்தான். தவறில்லை.

ஜப்பானில் டிரிஃப்ட்டுக்குப் பேர்போன டொயோட்டா ஏஇ86-லும் பின்னால் முழு அச்சுதான், 1.6 லிட்டர் என்ஜின்தான். பட்டைக்குப் பதில் நான்கு லிங்க், காயில் ஸ்பிரிங். அதனால் முழு அச்சு என்று சோர்ந்துபோக வேண்டாம்.

பட்டறை அண்ணாச்சி

வாத்தியார் கணக்கு சரி. ஆனால் கோட்பாட்டில் சரியாக இருக்கிற ஆன்டி ரோல் பார் இந்தத் தம்பியின் வண்டியில் வேலைக்கு ஆகாது. நீங்களே சொல்லிவிட்டீர்கள், உள்பக்கச் சக்கரம் லேசாகும் என்று. லேசானால் சாதாரண டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும். வலது பக்க வட்டம் இப்போது இருப்பதைவிட மோசமாகும். ஏஇ86-ஐ வைத்து வால் வீசுகிறவர்கள் முதலில் டிஃபரன்ஷியலைத்தான் மாற்றுவார்கள், பாரை அப்புறம்தான் தொடுவார்கள்.

தம்பி, அடுத்து உனக்கு யாராவது டிஃபரன்ஷியலுக்குள் பல்சக்கரத்தை வெல்டு வைத்துவிடு என்று சொல்வான். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும் என்பது உண்மைதான். அப்புறம் வண்ணார்பேட்டையில் பார்க்கிங்கில் திருப்பும்போது உள் டயர் கீச்சிடும், ஸ்டீயரிங் நேராகப் போகவே இழுக்கும், ஒருநாள் ஆக்ஸில் ஷாஃப்ட் முறியும். பொட்டலிலேயே கிடக்கிற வண்டிக்குச் செய்யலாம். பெரியப்பா ஓட்டிய வண்டியில் அந்தக் கோட்டித்தனம் வேண்டாம்.

தேரிக்காட்டான்

அண்ணாச்சி, வலது, இடது விஷயத்தைப் படித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போய்விட்டேன். ஜன்னலை இறக்கி, சித்தப்பா மகனை வெளியே நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் சொன்ன மாதிரியேதான். வலது வட்டத்தில் உள் சக்கரம் மட்டும் புழுதியைக் கக்குகிறது, வெளிச் சக்கரம் சும்மா உருளுகிறது.

கீழே படுத்தும் பார்த்தேன், ஸ்டாண்ட் வைத்துத்தான். கட்டை இல்லை. ஆனால் பட்டை ஒன்று மற்றவற்றைவிடப் புதிதாக, கருப்பாக இருக்கிறது. பெரியப்பா தேங்காய் ஏற்றுவதற்காகப் பட்டை கூட்டி, வளைவும் ஏற்றியிருக்கிறார் என்று பெரியம்மா சொன்னார்கள். பின்பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. இடது யூ போல்ட்டில் ஒரு நட்டு கையாலேயே திரும்பியது!

இன்னொன்று. வெறும் வண்டியில் வள்ளியூர் பைபாஸில் 80-க்கு மேல் போனால் வளைவில் பின்பக்கம் தானாகத் திரும்புகிற மாதிரி இருக்கிறது. நாலு பேர் ஏறினால் அது இல்லை. இதுவும் இதோடு சேர்ந்ததா?

பட்டறை அண்ணாச்சி

கையால் திரும்புகிற நட்டை வைத்துக்கொண்டு 80-ல் போயிருக்கிறாய். சரி, கேள்விக்கு வருகிறேன். ஆமாம், இதோடு சேர்ந்ததுதான்.

பட்டையின் முன் கண் சட்டத்தில் அசையாமல் நிற்கிறது. பின் கண் ஷேக்கிளில் ஆடுகிறது. அதனால் அச்சு மேலும் கீழும் போகும்போது முன் கண்ணை மையமாக வைத்து ஒரு வளைவில்தான் போகும். பட்டைக்கு வளைவு ஏற்றி வண்டியை உயர்த்தியதால் முன் கண் அச்சைவிட மேலே போய்விட்டது. இப்போது வண்டி சாயும்போது வெளிச் சக்கரம் மேலே ஏறுகிறது, ஏறும்போதே கொஞ்சம் பின்னால் நகர்கிறது. உள் சக்கரம் இறங்கி முன்னால் நகர்கிறது. அச்சே கோணலாகி, பின்சக்கரங்கள் ரோட்டு வளைவுக்கு வெளியே பார்க்கின்றன. நீ ஸ்டீயரிங்கைத் தொடாமலே பின்பக்கம் திரும்புகிறது. நாலு பேர் ஏறினால் பட்டை தாழ்கிறது, கண் இறங்குகிறது, அந்தக் குணம் போய்விடுகிறது.

சித்தப்பா மகன் இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் டிரிஃப்ட்டுக்கு இதுவே நல்லது என்பான். பொட்டலில் வேண்டுமானால் வால் சீக்கிரம் வரும், ஆனால் எப்போது வரும் என்று உன் கையில் இருக்காது. மழை நாளில் அதே வண்டியைத்தான் பாளைக்கு (பாளையங்கோட்டைக்கு) ஓட்டிக்கொண்டு வருவாய். கூட்டிய பட்டையைக் கழற்று, மற்றவற்றை பழைய வளைவுக்குக் கொண்டுவா. காலி வண்டி நிற்கும்போது முன் கண் அச்சு மையத்தோடு கிட்டத்தட்ட சமமாக இருக்கட்டும். யூ போல்ட் நாலையும் புதிதாகப் போடு, பழையதை மறுபடி இறுக்கினால் நீண்டுகொண்டே போகும். ஒருவாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்கு.

காற்று விஷயம். தேரிக்குள் இறங்குவதற்கு முன் பின் டயரை 18 பாயிண்ட் (psi) வரை இறக்கு, முன் டயரை 20. டயர் தட்டையாகி மணல் மேல் மிதக்கும். இரண்டாம் கியர், ஒரே சீரான மிதி, நடுவில் நிறுத்தாதே. வலது சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் கைபிரேக்கை லேசாக இழுத்துப் பார். சுற்றுகிற சக்கரத்துக்குப் பிரேக் விழுந்தால் டிஃபரன்ஷியல் மற்ற சக்கரத்துக்கும் கொஞ்சம் சக்தி அனுப்பும். அப்படியும் போகாவிட்டால் வந்த தடத்திலேயே பின்னால் வா, மிதித்துத் தோண்டாதே. காற்று இறங்கிய டயரின் பக்கச் சுவரில் உடைமுள் ஏறினால் பஞ்சர் ஒட்ட முடியாது, தடத்தை விட்டு விலகிப் போகாதே. தார் ரோட்டில் ஏறுமுன் காற்றை முழுசாக அடித்துவிடு. பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்ப் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

பொட்டலுக்கு நேர்மாறு. பின் டயர் 38, முன் டயர் எப்போதும் போல. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டாதே. மண்ணில் படுகிற பரப்பு குறையும், உன் 1800-க்கு இருக்கிற சக்தியிலேயே பின்பக்கம் அவிழும். 18 பாயிண்டில் மட்டும் வால் வீசாதே தம்பி. பக்கவாட்டில் இழுபடும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று, ரிம் மண்ணில் குத்தி வண்டி உருண்டுவிடும். அம்பாசிடர் உயரமான வண்டி. மணல் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று நடந்து பார்த்துவிட்டு, அதிலிருந்து நல்ல தூரம் தள்ளியே வட்டம் போடு. வழுக்கிக்கொண்டே மணலுக்குள் போனாலும் அதே கதிதான். டிக்கியைக் காலி செய், பெல்ட் போடு, பின் சீட்டில் வேடிக்கை பார்க்க ஆள் ஏற்றாதே.

வலது வட்டத்துக்கு ஒரு சின்ன வழி: இடது முன் சீட்டில் ஆள் இல்லாமல் நீ மட்டும் இரு. திருப்பத்துக்குள் நுழையும்போதே ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டு எடையை முன்னால் தள்ளு, வால் அசைந்ததும் மெதுவாக மிதி. மிதித்தே வாலை வெளியே தள்ளப் பார்த்தால் அந்தப் பக்கம் வராது.

கணக்கு வாத்தியார்

கைபிரேக் யோசனை மிகச் சரி. லேசாக மட்டும், இல்லையென்றால் கிளட்ச் கருகும்.

தேரிக்காட்டான்

நன்றி அண்ணாச்சி, நன்றி வாத்தியார். பட்டைக்கு வளைவு இறக்குவதை இங்கே திசையன்விளையிலேயே செய்யலாமா, இல்லை பாளைக்குத்தான் வர வேண்டுமா?

பட்டறை அண்ணாச்சி

லாரிப் பட்டை கட்டுகிற எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். சுத்தியலால் தட்டித்தான் வளைவு இறக்குவார்கள், அதில் தப்பில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கினால் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. பட்டை பதம் போய்விடும், மறுபடி தானாகத் தாழும். இரண்டு பக்கமும் ஒரே உயரம் நிற்கிறதா என்று நீயே டேப் வைத்து அளந்த பிறகு காசு கொடு. பெரியப்பா கூட்டிய பட்டையைப் பழைய இரும்புக்குப் போடாதே, வாங்கி வை. தேங்காய் ஏற்ற மறுபடி தேவைப்படும்.